நகல் மந்திரத்தின் துண்டுக் கடதாசி

காணி அளவைக் கந்தோரில் படம் வரையும் இராசலிங்கத்துக்கு நாற்பத்தாறு வயது. குடும்பமில்லை, குடியுமில்லை. இருந்த ஒரே பைத்தியம், கனடாவிலிருந்து அக்கா மகன் அனுப்பிய, மந்திரவாதிகள் மோதும் சீட்டாட்டக் கட்டு. மாத்தளையில் தொலைபேசிக் கடை வைத்திருந்த அப்துல் ஸமத்தும் அவரும் ஞாயிறு பின்னேரங்களில் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சண்டை பிடித்து விளையாடுவார்கள்.

அந்த ஆட்டத்தில் ஒருவர் ஏவிய மந்திரத்துக்கு மற்றவர் நகல் எடுக்கலாம். நகலுக்கெனத் தனிச் சீட்டு கிடையாது. மூல மந்திரம் குறிவைத்ததையே நகலும் தாக்கும். சீட்டில் அனுமதி எழுதியிருந்தால் மட்டும் இலக்கை மாற்றலாம். மூலத்தை முறியடித்தாலும் நகல் தன் வேலையைப் பார்த்துவிடும். குழப்பம் வராமலிருக்க, ஒவ்வொரு நகலையும் துண்டுக் கடதாசியில் எழுதி மேசையில் வைப்பது இராசலிங்கத்தின் ஏற்பாடு.

யுத்தம் நடந்துகொண்டிருந்த இரண்டாயிரத்து எட்டில், வில்கமுவவுக்கு வேலையாகப் போய்த் திரும்புகையில், சோதனைச் சாவடியில் அவருடைய சட்டைப் பையிலிருந்து அப்படியொரு துண்டு அகப்பட்டது. ‘அழிப்பு. நகல். புதிய இலக்கு: இடப்பக்கம் இரண்டாவது.’ அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். சந்தேகப்பட வேறென்ன வேண்டும்?

சீட்டாட்டம் என்றார். யாரோடு என்று கேட்டார்கள். யோசியாமல் ஸமத்தின் பெயரைச் சொன்னார். அவன் வந்து ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் எங்கே கொண்டுபோவார்களோ. ஸமத்தைக் கூட்டிவந்தார்கள். அவன் நிலத்தைப் பார்த்தபடி, தனக்கு எந்தச் சீட்டும் தெரியாது, இவர் கடைக்கு வந்து டெலிபோன் கோல் எடுக்கிற ஆள், அவ்வளவுதான் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனான்.

தடுத்துவைத்த பதினோராம் நாள், அவருடைய அறையைச் சோதித்து எடுத்த சீட்டுக்கட்டை இன்ஸ்பெக்டர் மேசையில் போட்டார். இராசலிங்கம் இருவருடைய ஆட்டத்தையும் தானே ஆடிக் காட்டினார். மூன்றாம் தடவை, மூலம் அழிந்த பிறகு நகல் எப்படி நிற்கும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஆட்டத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. மறுநாள் அவரை விட்டுவிட்டார்கள்; சீட்டுக்கட்டு இன்ஸ்பெக்டரின் மேசையிலேயே கிடந்தது.

அந்த ஞாயிறு கடைக்கு ஏசத்தான் போனார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்க வேண்டுமென்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனார். அவரைக் கண்டதும் ஸமத் எழுந்து நின்றான்.

“புள்ளைகள நெனச்சிட்டேன், அண்ணன்.”

அவனுக்கு மூன்று பிள்ளைகள் என்பது பெயரைச் சொன்ன அன்றும் அவருக்குத் தெரிந்ததுதான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“உன்ர பேரை நான் சொல்லியிருக்கக் கூடாது, ஸமத்.”

ஸமத் கதிரையை இழுத்துப் போட்டான். இருவரும் தேத்தண்ணி குடித்தார்கள். சீட்டுக்கட்டு எங்கே என்று அவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.