யாக்கோபு வீட்டு ஆள்

சூசையம்மாள் கிணற்றடிக் கல்லில் தன் புடவையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். எத்தனை தண்ணீர் மாற்றினாலும் கால்வாய்ச் சேற்றின் கறுப்பு விடுவதாக இல்லை. உள்ளங்காலில் கிளிஞ்சல் கிழித்த இடம் சோப்புத் தண்ணீர் பட்டுக் காந்தியது. இத்தனைக்கும் கால்வாய் வெட்ட வருகிறேன் என்று கை தூக்கியது அவள் இல்லை.

தூக்கியவன் அவள் புருஷன் யாக்கோபு. வாலாஜாபாத் அரிசி மில்லில் மூட்டை சுமப்பவன். அறுபத்தைந்தாம் வருஷக் கோடை அது. பாலாற்றிலிருந்து ஊர் ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாய் கோரை மண்டித் தூர்ந்து கிடந்தது. பூசை முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில் ஊர்ப் பணிகளைப் பார்க்கும் அரசாங்க ஆள், கிராமசேவக் வந்தார். கூலி கிடையாது, வீட்டுக்கு ஓர் ஆள் சிரமதானம் செய்ய வேண்டும் என்றார். முதலில் எழுந்த கை யாக்கோபுடையது. சப்பரம் தூக்க, பந்தல் போட, சாவுக்குக் குழி வெட்ட, எல்லாவற்றுக்கும் அப்படித்தான். விடிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

"அது இன்னா சிரமதானம்?" என்று அன்றைக்கே கேட்டாள்.

"சிரமத்த தானமா குடுக்கறதுமே."

"சர்தான். நீ குடுத்துட்ட, நான் வாங்கிக்கினேன்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டுத்தான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

காலையில் கிராமசேவக் பட்டியலைப் பார்த்து "யாக்கோபு!" என்று கூப்பிடுவார். புருஷனை மகள் மேரி பேரை வைத்தே கூப்பிடுபவள், அவன் பேரைச் சொல்லி வழக்கமில்லாதவள், "நான் அவரு வூடுங்க" என்பாள். கூடை சுமக்கும் செங்கமலம் விடமாட்டாள். "வந்துட்டாருய்யா யாக்கோபு, பொடவ கட்டிக்கினு!" கரை முழுக்கச் சிரிப்பு.

இன்று வேலை முடிந்தது. யாக்கோபு வீடு ஒரு நாளும் தவறவில்லை என்று சொல்லி, கிராமசேவக் மரியாதைக்குப் போர்த்த ஒரு துண்டை விரித்தார். வெளுத்த வேட்டியோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த யாக்கோபு முன்னால் போய்த் தோளைக் கொடுத்தான். யாரும் சிரிக்கவில்லை. செங்கமலம்கூட.

புடவையைப் பிழிந்துகொண்டு அவள் உள்ளே வந்தாள். பாயில் கிடந்தான். துண்டு இன்னும் தோளில்தான் இருந்தது.

"மேரி நைனா, காலு வீங்கிக்கீது. நாளைக்கு நான் எங்கியும் போவல."

"நாளைக்கா?" அவன் தலையைச் சொறிந்தான். "மேலூர்க்காரங்க இன்னும் அவங்க பக்கம் வெட்டலியாம்மே. அங்க அடைச்சிக்கினா நாம வெட்னதும் வீணு. நம்ம வூட்லேர்ந்து ஆள் வரும்னு சொல்ட்டேன்."

துண்டு விழுந்த சூட்டிலேயே கை எழுந்திருக்கும். கேட்கவே வேண்டாம்.

"ஆளுன்னா யாரு?"

அவன் துண்டை நான்காக மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டான்.

"உன்னத்தான் கேக்கறேன். இந்தத் தபா நீ போறியா?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். தூங்கவில்லை, கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கையிலிருந்த புடவையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை நனைந்தது. விடிவதற்குள் அது காய்ந்தாக வேண்டும். கொடியில் போட வெளியே போனாள்.