பல்செட்டுக்காரரின் பிரேக்

வாயில் இரண்டு நட்டுகளைக் கவ்விக்கொண்டு, தலை ஸ்டீயரிங்குக்கு அடியிலும் கால்கள் கார் கதவுக்கு வெளியிலுமாக மல்லாந்து கிடந்தபடியே அத்தான் எனக்குப் பாடம் நடத்தினார். நட்டுகளைத் துப்பிவிட்டுப் பேசலாம், மாட்டார். பேச்சை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம், அதுவும் மாட்டார்.

“பிரேக்குங்கறது ஒண்ணுமே இல்ல மச்சான். மேல் தாடை, கீழ் தாடை. ரெண்டும் ஒழுங்கா கடிச்சா வண்டி நிக்கும். கடிக்கலேன்னா நிக்காது. இதுக்கு ஒரு படிப்பு, ஒரு ஒர்க்‌ஷாப்பு, அதுக்கு ஒரு போர்டு வேற!”

அத்தான் என் அக்காவின் கணவர். தொழில், பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்கு இவர் மெழுகில் ஈறு பிடித்து, பல் பதித்து, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். வீட்டின் முன்னறைதான் வேலைக்கூடம். அலமாரி நிறைய வெள்ளைப் பிளாஸ்டர் தாடைகள், யாரோ சொன்ன ஜோக்குக்கு இன்னும் சிரித்து முடிக்காதவை போல அடுக்கியிருக்கும். பேசுகிறவரின் கண்ணைப் பார்த்து அத்தான் பேசி நான் கண்டதில்லை. வாயைத்தான் பார்ப்பார். நாம் நமது கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருப்போம். அவர் தலையைச் சாய்த்து உற்றுக் கவனிப்பார். எவ்வளவு அக்கறை என்று நாம் உருகும் நேரத்தில், “கடைவாயில ஒண்ணு ஆடுது போலிருக்கே?” என்பார்.

இடைவெளி என்றால் அவருக்கு ஆகாது. “சந்து விட்டா அது பல்செட் இல்ல, சீப்பு” என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாசகம். பல்லோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டு நாற்காலிகள் எல்லாம் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு தண்டனை பெற்ற பிள்ளைகள்போல நிற்கும். ஜன்னல் சட்டங்களில் மடித்த அட்டை செருகியிருக்கும். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் காற்றுப் போக விட்டிருந்த இடத்தை ஒரு கோடையில் பலகை அறுத்து அடைத்தார். பெட்டி மூச்சு முட்டிச் செத்தது. “கம்பெனி சரியில்ல” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அடுத்த பெட்டியை அதைவிட நெருக்கி வைத்தார்.

பேச்சிலும் அப்படித்தான். அடுத்தவர் மூச்சு வாங்கும் நேரத்தில் புகுந்துவிடுவார். அப்பா இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள் சற்றே மௌனமாக உட்காரவும் விடவில்லை. “மாமாவுக்கு நான் கட்டின செட்டுதான். கடைசிவரைக்கும் கழட்டவே இல்ல மனுஷன். அவ்வளவு கச்சிதம்!” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பெரும்பாடு பட்டோம்.

ஏனென்றால் அந்த செட் அப்பாவைக் கடித்தது. கீழ் ஈறில் ஓரிடத்தில் கன்றிப்போய் எப்போதும் சிவந்திருக்கும். “மாப்பிள்ளை ஆசையா செஞ்சது, சொன்னா சங்கடப்படுவார்” என்று அப்பா அத்தான் எதிரில் அதைப் போட்டுக்கொண்டு சிரிப்பார். காரில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலை, கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி டாஷ்போர்டு முன்பெட்டிக்குள் வைப்பது. இரண்டாவது வேலைதான் சாவியைத் திருகுவது. கன்னம் ஒட்டிய முகத்தோடு, பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டு, அப்பா நிம்மதியாக இருந்த இடம் அந்த ஓட்டுநர் இருக்கை ஒன்றுதான்.

நீண்ட மூக்கும் உருண்டைக் கண்களுமான பழைய கார் அது. அதன் பிரேக்கை மிதிப்பது பாறையை நகர்த்துவது போல. அப்பாவின் கால் அதற்குப் பழகியிருந்தது. அக்காவின் கால் பழகவில்லை. மாடிப்படியில் விழுந்து வலது முழங்காலில் அறுவை செய்துகொண்ட பிறகு பழகவும் வழியில்லை. எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது. அத்தானுக்கு ஓட்டத் தெரியும் என்பது அவருடைய கருத்து. இதற்கிடையில் ஒரு ஹோட்டல் முதலாளி வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். கூரையை வெட்டி, உள்ளே மண் நிரப்பி, பூச்செடி வைத்து ஹோட்டல் வாசலில் நிறுத்தினால் வாடிக்கையாளர்கள் படம் எடுத்துக்கொள்வார்களாம்.

அக்கா யோசித்துவிட்டு ஒரே முடிவாகச் சொன்னாள்: “என் கால் அந்த பிரேக்கை மிதிச்சா வண்டி நம்மளோடது. மிதிக்க முடியலேன்னா அவர் செடி வெச்சுக்கட்டும். சும்மா நின்னு துருப்பிடிக்கறதை என்னால தினமும் பாக்க முடியாது.”

அத்தான் உடனே எழுந்து நின்றார். “பவர் பிரேக் போட்டுட்டா போச்சு! நான் போடறேன்.”

எஞ்சின் ஓடும்போது உள்ளே காற்றை உறிஞ்சுகிறதே, அந்த இழுப்பைக் காலுக்குத் துணையாக மாற்றித் தரும் ஒரு கறுப்பு உருண்டை டப்பாதான் பவர் பிரேக்கின் பூஸ்டர். அது இருந்தால் குழந்தை மிதித்தாலும் பிரேக் பிடிக்கும். பழைய காரில் அதைப் பொருத்த வேண்டுமானால் எஞ்சினுக்கும் நமக்கும் நடுவில் உள்ள தகட்டை வெட்ட வேண்டும், பெடலை மாற்ற வேண்டும், எண்ணெய்க் குழாய்களை வளைக்க வேண்டும். தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் விடலாமே என்றேன். அத்தான் என் முன்பற்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அடுத்தவன் வாய்க்குள்ள கையை விட்டவன் மச்சான் நான். இதுக்குள்ள விடமாட்டேனா?”

விட்டார். வாரக்கணக்கில் விட்டார். கார் நிறுத்தும் கொட்டகை முன்னறையின் கிளையாக மாறியது. பல்லுக்கு மெருகேற்றும் சிறு மோட்டாரில் இரும்பு தேய்த்தார். பிளாஸ்டர் கலக்கும் கிண்ணத்தில் பிரேக் எண்ணெய் ஊற்றினார். மறுநாள் அந்தக் கிண்ணத்தில் வார்த்த தாடை ஒன்று இறுகவே இல்லை. யாரோ ஒரு பெரியவர் கூடுதலாகச் சில நாட்கள் கஞ்சியில் காலம் தள்ளியிருப்பார். மேசையில் கைபேசியைச் சாய்த்து வைத்து, இந்த மாற்றத்தைச் செய்துகாட்டும் ஒருவரின் வீடியோவைப் போட்டுக்கொண்டு, அவரோடு ஓயாமல் வாதாடினார்.

பூஸ்டரிலிருந்து ஒரு சின்னக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அது எதிரே உள்ள எண்ணெய்ச் சிலிண்டரைத் தள்ளும், பிரேக் பிடிக்கும். கம்பிக்கும் சிலிண்டருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்க அத்தான் தமது இளஞ்சிவப்பு மெழுகை உருட்டி நடுவில் வைத்து அழுத்தி எடுத்தார். இந்த யோசனைக்காக மட்டும் அவரை மெச்சலாம். மெழுகு காகிதம்போல நசுங்கி வந்தது. அதாவது, மெல்லிய இடைவெளி ஒன்று இருந்தது. வீடியோக்காரரும் அப்படித்தான் இருக்க வேண்டும், அதைத் தொடாதீர்கள் என்று இருமுறை சொன்னார். எனக்கே கேட்டது.

“அத்தான், விடணும்னு சொல்றாரே?”

“அவன் முன்பல்லைப் பாத்தியா? நடுவுல ஒரு பென்சிலையே விடலாம். சந்துப்பல்லன் பேச்சைக் கேட்டு நான் சந்து விடணுமா?”

சொல்லிவிட்டு, கம்பியின் முனைத் திருகை வெளியே திருகி, அந்த மெல்லிய இடத்தையும் அடைத்தார். பிறகு விரலால் தட்டிப் பார்த்து, “ஆடாது. அசையாது. இதுதான் கடி!” என்றார்.

ஓட்டிப் பார்த்த அன்று அக்கா ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அத்தான். பின்னால் நான். அக்கா பிரேக்கை மிதித்தாள். பெடல் வெண்ணெய்போல இறங்கியது. அவள் முகத்தில் அப்பா இறந்த பிறகு நான் பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது. “வலிக்கவே இல்லடா!” என்று கண்ணாடி வழியாக என்னிடம் சொன்னாள். அத்தான், மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறவர்போல் தலையை லேசாகக் குனிந்துகொண்டார்.

தெருமுனை வரை நன்றாகப் போனது. கடைத்தெருவில் நாலைந்து தடவை பிரேக் பிடித்ததும் வண்டி இழுக்கத் திணறியது. பாலத்து மேட்டில் ஏறும்போது ரப்பர் தீயும் நாற்றம். பாதி ஏற்றத்தில் கார் தானாக நின்றுவிட்டது. அக்கா காலை முழுவதும் எடுத்துவிட்டாள், சக்கரங்கள் அசையவில்லை. பின்னால் ஹார்ன்கள் ஊளையிட்டன. பேருந்து ஒன்றின் கண்டக்டர் எட்டிப் பார்த்து, “குடும்பத்தோட வேடிக்கை பாக்க வந்தீங்களா?” என்று விசாரித்தார்.

“பிரேக் பிடிக்காத வண்டி கேள்விப்பட்டிருக்கேன்” என்றாள் அக்கா. “பிரேக் விடாத வண்டியை இப்பத்தான் பாக்கறேன்.”

“சூடானா லேசா இறுகும். புது செட்டு போட்டா முதல்ல அப்படித்தான் இருக்கும். பழகிடும்” என்றார் அத்தான், பழக்க தோஷத்தில்.

“எப்பப் பழகும்? செடி முளைச்சப்புறமா?”

அத்தான் இறங்கிப் போய் எஞ்சின் மூடியைத் திறந்தார். நட்டுகள் தொடமுடியாத சூடு. துணி தேடித் திரும்பி வந்து முன்பெட்டியின் மூடியைத் தட்டினார். “அதைத் திறக்காதீங்க” என்று அக்கா சொல்வதற்குள் திறந்துவிட்டார். கைக்குட்டை அவர் கையில் வந்தது. அவிழ்ந்தது.

தமது வேலையை அவருக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? திருப்பிப் பார்த்தார். உள்விளிம்பைப் பெருவிரலால் தடவினார். ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. அவரைத் தெரிந்த நாளாக, அவர் வாய் காலியாக இருந்தும் பேசாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். நெடுநாளாக நான் காத்திருந்த காட்சிதான். பார்க்க நினைத்த அளவு நன்றாக இல்லை.

“எங்க கடிச்சுது?” என்றார் கடைசியில்.

“கீழ, இடது பக்கம்” என்றாள் அக்கா.

“மாமா எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே.”

“எப்படிச் சொல்வார்? சொல்றதுக்கு வாயைத் திறந்தா நீங்க பல்லைத்தானே பாப்பீங்க.”

அவர் செட்டை இருக்கையில் வைத்தார். கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு முன்னால் போனார். சிலிண்டரைப் பூஸ்டரோடு இறுக்கியிருந்த இரண்டு நட்டுகளையும் தளர்த்தினார். சிலிண்டர் மயிரிழை நகர்ந்து, கம்பியின் அழுத்தம் விலகியது. ‘டக்’ என்று ஒரு சத்தம். பிடித்திருந்த சக்கரங்கள் விட்டன. கார் மேட்டில் பின்னால் உருள, அக்கா பிரேக்கை மிதித்தாள். நின்றது. காலை எடுத்தாள். உருண்டது. மறுபடி மிதித்தாள். நின்றது. அத்தான் அந்த மயிரிழையைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கண்டக்டர், “சாமி, வீட்ல போய்ப் பாருங்க!” என்றார்.

வீட்டில் கம்பியின் திருகை உள்ளே திருகி, மெழுகை வைத்து அளந்து, வீடியோக்காரர் சொன்ன இடைவெளியை விட்டார். முகம், பிடிக்காத மருந்தைக் குடிப்பவர் முகம். “கம்பியோட அளவு தப்பு. செஞ்ச கம்பெனி சரியில்ல” என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார். திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாற்காலிகள் இன்னும் சுவரோடு ஒட்டித் தவமிருக்கின்றன. கடைக்காரரிடம், டாக்டர்களிடம், வழியில் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் பவர் பிரேக் பற்றி வகுப்பு எடுக்கிறார். பாலத்தைப் பற்றி அதில் பாடம் இல்லை. ஹோட்டல் முதலாளி வேறு ஏதோ காரில் செடி வைத்துவிட்டார். அக்கா தினமும் வேலைக்கு அப்பாவின் காரில்தான் போகிறாள்.

நேற்றுக் காலையும் அவள் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு ஹார்ன் அடித்தாள். “என்னங்க, வர்றீங்களா இல்லையா? டாக்டர் கிளினிக்ல இறக்கி விடணும்னீங்களே?” கூப்பிட்டு வரலாம் என்று முன்னறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஜன்னலோர வெளிச்சத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தார். மேசையில் துவைத்து மடித்த கைக்குட்டை. கையில் அப்பாவின் கீழ் செட். சின்ன அரத்தால் இடது உள்விளிம்பைத் தேய்த்தார். இளஞ்சிவப்புத் தூளை ஊதினார். விளிம்பைத் தமது மணிக்கட்டின் உட்பக்கம் வைத்து அழுத்தி, எடுத்துப் பார்த்தார். தோலில் மெல்லிய சிவப்புக்கோடு ஒன்று விழுந்திருந்தது. மறுபடியும் அரத்தை எடுத்தார்.