அம்மாவிடம் சொல்லாத ஊர்

மெல்பேர்ணில் உள்ள ஒரு கட்டட நிறுவனத்துக்கு வீட்டு வரைபடம் கீறுவதுதான் கேதீஸ்வரியின் வேலை. களுவாஞ்சிக்குடியில் வாவிப் பக்கமாக இருக்கும் தன் வீட்டின் முன்னறையிலிருந்தே அதைச் செய்துவந்தாள். அங்கே பொழுது முந்தி விடிந்துவிடும். அதனால் இங்கே விடியுமுன்பே எழும்பி, தேத்தண்ணியோடு கணினிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மத்தியானம் வேலை முடிந்துவிடும்.

வீடு அவளுடையது. கலியாணத்தின்போது தாய் இரத்தினம்மா எழுதிக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான்; மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பான். பெரிய வீட்டை மகளுக்கு விட்டுவிட்டு, இரத்தினம்மா அதே வளவின் பின்புறத்தில் ஒரு அறையும் குசினியும் கட்டிக்கொண்டு இருந்தாள். கணவன் இல்லை. மண்டூர்ப் பக்கத்து வட்டையில் கொஞ்சம் வயல் இருந்தது.

மாப்பிள்ளை உதயரூபன் உழவு இயந்திரம் ஓட்டுபவன். கலியாணமான இரண்டாம் வருடம் முதல்முறை அடித்தான். கேதீஸ்வரி வீடியோ கோலில் இருந்தாள். யாரோ ஒருவன் அதில் சிரித்தது அறைக்குள் கேட்டது.

"ஆருக்குப் பல்லைக் காட்டுறாய்?"

"மனேஜர். சத்தம் போடாதீங்க, எல்லாருக்கும் கேக்கும்."

அவன் அங்கேயே அறைந்தான். மெல்பேர்ணில் இருந்தவர்களுக்கு அவளுடைய தலை திரையிலிருந்து ஒரு பக்கமாக விலகிப் போனது தெரிந்திருக்கும். நிலத்தில் கிடந்தபடியே கையை நீட்டிக் கணினியை மூடினாள். சற்று நேரம் கழித்து, நெட் போய்விட்டது என்று அவர்களுக்கு எழுதினாள்.

அதன் பிறகு அவன் காரணம் தேடவில்லை. சோறு ஆறியிருந்தாலும் அடித்தான், சூடாக இருந்தாலும் அடித்தான். ஒருமுறை தலைமயிரைக் கதவு நிலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தினான். சொந்தக்காரர்கள் வந்து ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்.

"வீடு உன்ட. நீ ஏன் போகோணும்? அவன்தான் போகோணும்."

அது சரிதான். அதை அவனிடம் போய்ச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

ஒருநாள் காலை அவன் கணினியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். அவள் பின்னால் ஓடிப் போய்ப் பிடித்தாள். கணினி உள்ளே விழுந்தது. சார்ஜர் வயர் அவன் கையில் இருந்தது. அதை அவள் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, கிணற்றுக்கட்டோடு சாய்த்து இழுத்தான். அவளுடைய கால்கள் நிலத்தை விட்டுக் கிளம்பின. இரத்தினம்மா கத்திக்கொண்டு ஓடிவந்து அவன் கையைக் கடித்தாள். அவன் வயரை விட்டுவிட்டு, கடித்த இடத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"கிழவிக்கு இன்னும் பல் இரிக்கி."

கேதீஸ்வரி ஊரை விட்டுப் போவது என்று முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனாள். அதே நிறுவனத்தில் வேலை செய்யும் சப்னாவின் வீடு அங்கே. சப்னாவிடம் ஒரு பழைய கணினி இருந்தது. இரண்டு பேரும் அதை மேசையில் திறந்துவைத்து ஊர் பார்த்தார்கள். வேலை எங்கிருந்தும் செய்யலாம். நெட் இருந்தால் போதும். அப்படிப் பார்த்தால் இலங்கை முழுவதும் அவளுக்குத் திறந்துதான் கிடந்தது.

"கொழும்பில வெள்ளவத்தை?" என்றாள் கேதீஸ்வரி.

"களுவாஞ்சிக்குடிச் சந்தையில நிக்கிறதும் வெள்ளவத்தையில நிக்கிறதும் ஒண்டுதான் புள்ள. மரக்கறி வாங்கப் போனா உங்கட மாமி ஒராள் நிப்பா."

"வவுனியா?"

"உன்ட புருசன்ட தம்பி அங்கதானே வேல செய்யிறார்?"

"கண்டி."

"குளிர். அதோட, வீடு பாக்கப் போனா புருசன் எங்க எண்டு கேப்பாங்க."

"அத எங்க போனாலும் கேப்பாங்க."

"மௌத்தாப் போயிட்டார் எண்டு சொல்லு."

அவனை ஒரே சொல்லில் சாகடித்துவிட்டதில் கேதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொண்டை விடவில்லை. சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். சப்னா தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனாள்.

கடைசியில் திருகோணமலை என்று வந்தது. சொந்தக்காரர் இல்லை. தமிழ் பேசலாம். விளம்பரத்தில் வந்த வீடுகளின் படங்களை மற்றவர்கள் பார்ப்பதுபோல் அவள் பார்க்கவில்லை. சமையலறை, தரை ஓடு ஒன்றும் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு கதவும் எந்தப் பக்கம் திறக்கிறது, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் கட்டிலைத் தள்ளி முட்டுக்கொடுக்க இடம் இருக்கிறதா, பின்கதவு யாருடைய வளவுக்குப் போகிறது என்று பார்த்தாள். கோணாமலை என்ற வயதானவரின் வீட்டோடு ஒட்டிய பகுதி ஒன்று அவளுக்குப் பிடித்தது. அதன் பின்கதவு அவருடைய முற்றத்தில் திறந்தது.

வேளாண்மை வெட்டு, நெல் அறுவடை, நடந்துகொண்டிருந்த காலம். உதயரூபன் காலையில் பாதையில் ஏறி வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் போவான். பாதை என்று நாங்கள் சொல்வது, வாகனங்களையும் ஆட்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் தட்டையான படகைத்தான். பின்னேரம் அது திரும்பும்வரை அவன் வர முடியாது. அவன் ஏறிய பாதை கரையை விட்டது என்று தெரிந்ததும், கேதீஸ்வரி ஒரு பையோடும் சப்னாவின் பழைய கணினியோடும் பஸ்ஸில் ஏறினாள். சப்னாவைத் தவிர, தாயிடம் மட்டும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போனாள்.

திருகோணமலையில் ஒரு மாதம் நன்றாகப் போனது. கழுத்துத் தழும்பு மங்கியது. கோணாமலை காலையில் முற்றம் கூட்டும்போது, "பிள்ளை, ஒஸ்ரேலியாக்காரன் எழும்பிட்டானோ?" என்று கேட்பார். அவள் ஓம் என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

பிறகு இரத்தினம்மா போன் எடுத்தாள்.

"வயல் வெட்டியாச்சு மனே. நெல்லுக் குத்திட்டன். அரிசி அனுப்பிறன்."

"வேணாம் அம்மா. இஞ்ச கடையில கிடக்கு."

"கடை அரிசியா? நம்மட வயல் விளைஞ்சி கிடக்கக்குள்ள என்ட புள்ள கடையில அரிசி வாங்கித் தின்னுறதா? ஆக்கள் கேட்டா நான் என்ன சொல்லுற? சும்மா இரு. கல்முனையில இருந்து வாற பஸ்ஸில ஏத்தி விடுறன், கண்டக்டர் தம்பி நல்லவன்."

புது அரிசியை மகள் வீட்டுக்கு அனுப்பாமல் தாய் தான் ஆக்கித் தின்பது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். இரத்தினம்மா அரிசியைப் பையில் போட்டு, வாயைச் சணல் கயிற்றால் தைத்தாள். கண்டக்டருக்கு விளங்கட்டும் என்று, கோணாமலையின் வீட்டு இலக்கத்தையும் தெருவையும் பையின் மேல் பெரிய எழுத்தில் எழுதினாள். ஒரு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனாள். அந்த ஓட்டோவின் பின்னால் உதயரூபன் மோட்டார் சைக்கிளில் வந்ததை அவள் பார்க்கவில்லை. பை ஏறிய அதே பஸ்ஸின் பின்கதவால் அவனும் ஏறினான்.

மத்தியானம் கதவு தட்டப்பட்டது. கேதீஸ்வரி யன்னலால் எட்டிப் பார்த்தாள். தாயின் எழுத்தோடு ஒரு அரிசிப் பை ஆளின் தோளில் இருந்தது. பை முகத்தை மறைத்திருந்தது. கண்டக்டரே கொண்டுவந்துவிட்டார் போல என்று நினைத்துத் திறந்தாள்.

"அரிசி," என்றான் உதயரூபன்.

அவள் கதவைச் சாத்தப் பார்த்தாள். அவன் பையை நிலைக்கு நடுவில் போட்டான். கதவு பையில் முட்டி நின்றது. பின்கதவுக்கு ஓடினாள். அவன் பின்னங்கழுத்தில் பிடித்து அவளைச் சுவரோடு மோதினான். முன்பற்கள் இரண்டு போயின. விழுந்தவளின் கையில் ஏறி நின்று, கதிரையைத் தூக்கி அதே கையில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. இரண்டாவது அடியில் வேறு இடத்தில் முறிந்தது.

"இந்தக் கையாலதானே கீறுற? கீறு! இப்ப கீறு பாப்பம்!"

கோணாமலை முற்றத்தால் ஓடிவந்தார். முற்றம் கூட்டும் தும்புத்தடியால் அவன் முதுகில் அடித்தார். அவன் அவரைத் தள்ளிவிட்டான். கிழவர் படியில் விழுந்துகொண்டே தெருவைக் கூப்பிட்டார். நாலைந்து பேர் வந்து அவனை இழுத்து வெளியே போட்டார்கள். போட்டவர்கள் அவனுக்கும் கொடுத்தார்கள். அரிசி தெருவாசல்வரை கொட்டுண்டு கிடந்தது. அதில் இரத்தம் பட்ட அரிசியை ஒருவரும் தொடவில்லை, கோழிகள்தான் வந்தன.

பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். புருசன் பெண்சாதி விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அவனை விட்டுவிட்டார்கள்.

இரத்தினம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலின் பக்கத்தில் நின்றாள். உட்காரவில்லை. கேதீஸ்வரியின் உதடு தைக்கப்பட்டிருந்தது. பேச முடியாது.

"நான்தான் அவனக் கொண்டந்து விட்ட," என்றாள் இரத்தினம்மா. "பஸ்ஸில ஏத்தி அனுப்பினமாதிரி."

கேதீஸ்வரி நல்ல கையால் இல்லை என்று காட்டினாள்.

"இனி எந்த ஊருக்குப் போனாலும் எனக்குச் சொல்லாத. சொன்னா நான் என்னவாவது அனுப்புவன். என்னால இரிக்க ஏலா. என்னை எனக்குத் தெரியும்."

அடுத்த ஊரைக் கேதீஸ்வரி ஒற்றைக் கையால் தேடினாள். இந்த முறை கதவுகளைப் பார்க்கவில்லை. எங்கள் கரையோரத்திலிருந்து நேராகப் பஸ் போகாத ஊர், எங்கள் ஆட்கள் கடை வைத்திருக்காத ஊர், எந்தக் கோயிலின் ஆள் நீ என்று ஒருவரும் பூர்வீகம் கேட்காத ஊர் வேண்டும் என்று பார்த்தாள். அப்படி ஒன்று கிடைத்தது. சிங்களம் அவளுக்குத் தெரியாது. வீட்டுக்காரப் பெண்ணோடு ஆங்கிலத்தில் பேசி முடித்தாள். அந்த நகரத்தின் பெயரை இங்கே எழுதுவதற்கில்லை. தெரிந்தவர்கள் சப்னாவும் அவளுடைய கணவன் ஸாஹிரும் மட்டும்தான்.

உதயரூபன் களுவாஞ்சிக்குடி வீட்டில்தான் இருந்தான். அவளுடைய வீட்டில். பின்னறையில் இரத்தினம்மா. சொந்தக்காரர்கள் தங்களோடு வந்திருக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள்; தன் வளவை விட்டுப் போக அவள் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் கேதீஸ்வரி எங்கே என்று அவன் கேட்டான். ஒவ்வொரு நாளும் இரத்தினம்மா தெரியாது என்ற ஒரே பதிலைச் சொன்னாள். அவன் அதை நம்பவில்லை. அவன் மட்டுமில்லை, தெருவில் ஒருவரும் நம்பவில்லை. பெற்ற தாய்க்குச் சொல்லாமல் ஒரு பிள்ளை வீடு மாறுமா என்றார்கள்.

ஒருநாள் காலை இரத்தினம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே வந்து திருவலையை எட்டி உதைத்தான்.

"சொல்லு கிழவி. எங்க அவள்?"

"எனக்குத் தெரியா."

உலக்கையை எடுத்து விலாவில் இடித்தான். அவள் சுருண்டாள்.

"எங்க?"

"தெரியா தம்பி. கேட்டதும் இல்ல."

இன்னொரு இடி. பிறகு தலையில் கையால் அடித்தான்; இடது காதிலிருந்து இரத்தம் வந்தது. அவள் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாள். நிறுத்தினால் போதும் என்று, வாயில் வந்த ஊரைச் சொன்னாள்.

"வவுனியா."

"பொய். என்ட தம்பி அங்க இரிக்கான். அவன் தேடாத இடமில்ல."

அவள் மட்டக்களப்புக்கு வடக்கே இருக்கும் ஊர்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அடி விழுந்தது. உண்மையான ஊர் அவளுக்குத் தெரிந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பாள். பின்பு அவளே சப்னாவிடம் அப்படித்தான் சொன்னாள்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலிக்கு மேலால் பார்த்துக் கத்தினார்கள். பாதையடியில் நின்ற ஆண்கள் ஓடிவந்து அவனைத் தென்னையோடு கட்டினார்கள். அறுபது வயது தாண்டிய கிழவியின் விலா எலும்பு மூன்று உடைந்திருந்தது. அவள் அவனுக்குப் பெண்சாதி இல்லை. அதனால் பேசித் தீர்க்கச் சொல்ல ஒருவருக்கும் வழியிருக்கவில்லை. பொலிசார் அவனைப் பிடித்து மறியலில் அடைத்தார்கள்.

சப்னா போனில் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடியுமுன்பே கேதீஸ்வரி எழும்பிவிட்டாள்.

"நான் வாறன். இண்டைக்கே வெளிக்கிடுறன்."

"வராத. உங்கட அம்மா சொல்லச் சொன்னா. நீ வந்தா திரும்பப் போகக்குள்ள ஆராவது பின்னால வருவாங்களாம். அடியெல்லாம் வீணாப் போயிருமாம்."

"அப்ப அவவக் கூட்டிட்டு வா," என்றாள் கேதீஸ்வரி.

அடுத்த வாரம் ஸாஹிரின் வேன் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே புறப்பட்டது. இரத்தினம்மாவை வீட்டுக்குப் போக விடவில்லை. மாற்றுச் சேலை இரண்டைச் சப்னாதான் கொண்டுவந்தாள். வயலைக் குத்தகைக்கு விட்டாயிற்று. வீட்டுக் கதவின் திறப்பு இரத்தினம்மாவின் முந்தானையில் முடிந்திருந்தது. வேன் மேடு பள்ளத்தில் விழும்போதெல்லாம் அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். மலை ஏறத் தொடங்கியதும் சப்னா கேட்டாள்.

"உம்மா, எங்க போறம் எண்டு கேக்கவே இல்லியே நீங்க?"

"கேக்கல்ல. தெரிஞ்சா வாயில வரும்."

"இப்ப அவன் உள்ளுக்கத்தானே?"

"உள்ளுக்கப் போறவன் வெளிய வருவான், மகள். நீ றோட்டப் பாரு."

"றோட்டப் பாக்கிறது நான்தான் உம்மா," என்றான் ஸாஹிர். "அவ கதைக்கத்தான் வந்தவ."

இரத்தினம்மா சிரித்தாள். பிறகு விலாவைப் பிடித்துக்கொண்டு இருவரையும் ஏசினாள்.

வேன் நின்ற இடத்தில் கேதீஸ்வரி நின்றாள். பற்கள் போன வாயைத் தாய் பார்த்தாள். கட்டுப் போட்ட தலையை மகள் பார்த்தாள். அழுதது சப்னா மட்டும்தான்.

உதயரூபன் பிணையில் வெளியே வந்த செய்தியை ஊரிலிருந்து இரத்தினம்மாவின் தங்கை போனில் சொன்னாள். நாள் முழுவதும் சந்தியில் நின்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் விசாரிக்கிறானாம். வளவுக்குள் காலடி வைக்கக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லியும், கிணற்றடியில் வந்து குளித்துவிட்டுப் போகிறானாம். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகு அவள் கேட்டாள்.

"அது சரி அக்கா, நீங்க இப்ப எங்க இரிக்கிறீங்க?"

இரத்தினம்மாவுக்குக் கேட்கிற காது வலது காதுதான். போனை அதில் அழுத்திப் பிடித்திருந்தாள். முன்னறையில் கேதீஸ்வரி யாருக்கோ ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு வேன் நின்று, மரக்கறி விற்பவன் சிங்களத்தில் விலை கூவினான். இரத்தினம்மா எழுந்து போய் யன்னலைச் சாத்தினாள், அந்தச் சத்தம் போனில் போகாமல் இருக்க.

"மகளோட இரிக்கன் புள்ள," என்றாள்.

"அது தெரியும். எந்த ஊர் எண்டு கேக்கிறன். எனக்கும் சொல்ல மாட்டீங்களா?"

"மகளோட இரிக்கன்," என்று மறுபடியும் சொல்லிவிட்டு இரத்தினம்மா போனை வைத்தாள்.