தாகக்காரி கேட்காத தண்ணீர்

அலுவலகத்தில் அவளுக்குத் தாகக்காரி என்று பட்டப்பெயர். உடம்புக்கு முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்து, யாருக்கு உதவியாள் தேவை என்று எழுதித் தருவது அவள் வேலை. எந்த வீட்டிலும் முதலில் தண்ணீர் கேட்பாள். அவர்கள் எழுந்து நடக்கிற விதத்தைப் பார்க்கத்தான் அந்தத் தாகம்.

பிறகு ஏஐ வந்தது. பேச்சைப் பதிவு செய்தால் போதும், அதுவே அறிக்கை எழுதிவிடும். பார்க்க வேண்டிய வீடுகள் இரட்டிப்பாயின. தண்ணீர் கேட்க நேரமில்லை. தனியாக வாழும் ஒரு வயதான தையல்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்; அவரிடம் நலம் மட்டும் விசாரித்தாள். "நல்லா இருக்கேம்மா" என்றார். 'தடையின்றி நடமாடுகிறார்' என்று ஏஐ எழுதியது. படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் அவருடைய உதவியாள் வழிமறித்தாள். "முந்தாநாள்லேருந்து என்னைப் போக வேணாம்னுட்டாங்க. அவர் எப்பக்கா நடக்க ஆரம்பிச்சாரு?"

அடித்துப்பிடித்து ஓடினாள். "அண்ணே, கொஞ்சம் தண்ணி குடுங்க."

"குழாய் இங்க நடந்து வந்தாத்தான் உண்டும்மா" என்று கட்டிலில் கிடந்தபடியே சிரித்தார். உதடு வெடித்திருந்தது.

அவளே தண்ணீர் கொண்டுவந்து குடிக்க வைத்தாள். பிறகு அதிகாரிக்குப் போன் போட்டாள். "அந்த அறிக்கை தப்பு சார். இன்னைக்கே ஆள் அனுப்பணும்."

"ஏஐ எழுதினதுக்கு நீங்க ஏம்மா பதறுறீங்க?"

"கையெழுத்து என்னோடது சார்."