பூநாரை பார்த்ததற்கு ஒரு வாரம்

நாகப்பட்டினம் போவதற்கு எங்கள் மூவருக்கும் மூன்று காரணங்கள் இருந்தன. எனக்கு 1658, டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து அந்தத் துறைமுகத்தைப் பிடித்த ஆண்டு. என் தங்கைக்குக் கோடியக்கரையின் பூநாரை. அவள் கணவருக்குப் புதுக் கார். போகிற இடத்தில் வெளிமான் பார்க்கலாம் என்றதும் ஒப்புக்கொண்டார்.

தங்கையை நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். வீடும் பண்ணைக்குள்ளேயே. கோழிக்கு ஞாயிறும் இல்லை, தீபாவளியும் இல்லை. கல்யாணமானபின் அவள் வெளியூரில் ஓர் இரவு தங்கியதாக எனக்கு நினைவில்லை. இந்த ஜனவரியில் கணவரின் தம்பி பண்ணையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதால் கிளம்பினோம்.

முதல் நாள் நாகப்பட்டினத்தில் டச்சுக் கல்லறைகளைப் பார்த்தேன். சோழர் காலத்தில் கடல் கடந்த நாட்டு அரசன் ஒருவன் எழுப்பிய பௌத்த விகாரைக்கு இப்போது தரைமேல் அடையாளம் இல்லை. இல்லாத ஒன்றைத் தேடி நான் வெயிலில் அலைந்ததைத் தங்கை கணவர் பொறுமையாகச் சகித்துக்கொண்டார். மீன்பிடித் துறைமுகத்தில் கருவாட்டு வாசம் வந்ததும்தான் முகம் மலர்ந்தார். "எங்க கோழித் தீவனத்துக்கு வர்ற கருவாடு இந்த வாசந்தானுங்க மச்சான்."

மறுநாள் கோடியக்கரை. புல்வெளியில் வெளிமான்கள் மேய்ந்தன. முறுக்கிய கொம்போடு ஓர் ஆண் மான் பாதையை ஒரே தாவலில் கடந்தது. எங்களோடு காரில் வந்த வழிகாட்டி, "அப்படியே ஏரிப் பக்கம் போங்க சார். பூநாரை நெறைய எறங்கியிருக்கு. சைபீரியாவுலேர்ந்து உள்ளான் குருவியும் வந்திருக்கு" என்றார்.

ஏரியோரம் வந்ததும் தங்கை கணவர் காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றினார்.

"மச்சான், நீங்க மானுன்னுதானுங்களே சொன்னீங்க?"

"மானும் பார்த்தாச்சே மாப்பிள்ளை."

"தேசம் தேசமாச் சுத்தி வர்ற பறவைங்க. அதுக எச்சத்த மிதிச்சிட்டுப் பண்ணைக்குள்ள போனா என்னாகும்? சீக்கு வந்தா ஒரு செட்டுக் கோழி மிஞ்சாதுங்க."

பறவைக் காய்ச்சலைத்தான் சொன்னார். அவர் பண்ணை வாசலில் தீவன லாரியின் சக்கரம்கூட மருந்துத் தண்ணீரில் இறங்கித்தான் உள்ளே வரும். வலசைப் பறவைகளோடு அந்த நோய் பரவக்கூடும் என்று நானும் படித்திருக்கிறேன். அதனால் திரும்பிவிடலாம் என்றேன்.

பின் இருக்கையிலிருந்து தங்கை, "நான் எறங்கறேனுங்க" என்றாள்.

"எறங்குனா ஒரு வாரத்துக்குப் பண்ணைக்குள்ள காலு வைக்கப்படாது."

"சரிங்க."

"முட்டை யாரு எடுப்பா?"

"உங்க தம்பி எடுக்கட்டும். நான் எங்கண்ணன் ஊட்டுல இருந்துக்கறேன்."

"ஏம்புள்ள, நீ பறவை பாக்க வந்தியா, லீவு போட வந்தியா?"

"ரெண்டுக்குந்தானுங்க" என்று கதவைத் திறந்து இறங்கினாள்.

நானும் வழிகாட்டியும் அவள் பின்னால் போனோம். சாம்பல் நிறத் தண்ணீரில் வெளிர் சிவப்பாக ஒரு நீண்ட கோடு. நெருங்க நெருங்க அதற்குக் கால்கள் முளைத்தன. தங்கை, "தலையக் கவுத்துப் போட்டுக்கிட்டே திங்குது பாருண்ணா. எந்தக் கோழியாச்சும் இப்படித் திங்குமா?" என்றாள்.

என் கைபேசி அடித்தது. காருக்குள்ளிருந்து அவள் கணவர். என் தொலைநோக்கியை இருக்கையில் விட்டு வந்திருந்தேன். "மச்சான், ஓரத்துல ஒண்ணு தனியா, தலையச் சொருகிட்டு நிக்குதுங்களே, அதுக்கு ஒடம்பு சரியில்லீங்க. கிட்டப் போயிராதீங்க." சற்று நேரத்தில் அந்தப் பறவை கழுத்தை நீட்டி, கூட்டத்தோடு எழும்பிப் பறந்தது. சிறகுக்கு அடியில் அவ்வளவு சிவப்பு இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

திரும்பும் வழியில் எங்கள் செருப்புகள் பாலித்தீன் பையில் கட்டப்பட்டன. கால்கள் டெட்டால் தண்ணீரில் கழுவப்பட்டன. பழைய துறைமுகங்களில் நோய் கண்ட கப்பலைக் கரைக்கு விடாமல் நாள் கணக்கில் கடலிலேயே நிறுத்தி வைப்பார்களாம். கரையில் இருந்தவர்களின் பயத்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். கப்பலில் இருந்த மாலுமிகளில் ஒருவனாவது, வேலையில்லாத அந்த நாட்களைச் சந்தோஷமாகக் கழித்திருப்பானா என்று அன்றுதான் யோசித்தேன்.

அஸ்தம்பட்டியில் என் வீட்டு வாசலிலேயே புதுக் காரையும் விட்டுவிட்டு, தங்கை கணவர் நாமக்கல் பஸ் ஏறினார். சக்கரத்தின் மேலும் அவருக்கு நம்பிக்கை இல்லை.

அந்த வாரம் தங்கை வெயில் ஏறும்வரை தூங்கினாள். என் மனைவியோடு கடைவீதிக்குப் போய் ஒன்றும் வாங்காமல் திரும்பினாள். தினமும் காலையில் கணவருக்குப் போன் செய்து, கோழிகள் தீவனம் எடுக்கின்றனவா என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அந்தக் கேள்வியில் கலக்கம் இருந்தது. கேட்டுவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்வாள்.

வாரம் முடிந்த அன்று அவரே அழைத்தார். "கோழியெல்லாம் நல்லா இருக்குது. நாளைக்குக் காலைல கூட்டிட்டுப் போக வாரேன்."

தங்கை காலை நீட்டி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "இன்னும் ரெண்டு நாளு போகட்டுங்க. சீக்குன்னா சும்மாங்களா?"