நௌஷாத் பாய் போய் வந்த இடங்கள்

மூட்டுவலி வந்ததிலிருந்து நௌஷாத் பாய் மின்னி பே வீட்டை விட்டு இறங்கவில்லை. ஜவுளிக்கடையை மருமகன் பைசல் பார்த்துக்கொள்கிறான். ஆனால் ஃபேஸ்புக்கில் பாய்க்கு ஓய்வே கிடையாது. காலையில் தீவின் படகுத்துறையான சாத்தம் ஜெட்டி, மத்தியானம் சௌல்தாரி கிராமம். பழைய படம் ஒன்றைப் போட்டு இடத்தின் பெயரைத் தட்டிவிடுவார். 'மச்சான் காலில் சக்கரம்' என்று கடலுக்கு அப்பால் மெயின்லேண்டில் இருக்கும் சொந்தங்கள் எழுதினால்தான் அவருக்கு நாஷ்டா இறங்கும்.

டெங்கு வந்தபோதும், 'காய்ச்சலோடு சாத்தம் ஜெட்டியில். கடமை முக்கியம்' என்று கட்டிலில் படுத்தபடி போட்டார்.

காய்ச்சல் விட்டது. கொசு விடவில்லை. பின்பக்கத்துப் பூட்டிய மனையில் பழைய டயர்கள், உள்ளே மழைத்தண்ணீர். வீட்டிலோ மகள் ஜஸீலா நிறைமாதம். பாய் சுகாதாரக் குழுவுக்குப் போன் போட்டார். சங்கவி என்ற பெண் எடுத்தாள்.

"பாய், எங்க ஸ்டடியில நீங்கதான் ஹீரோ! போஸ்ட்டை வச்சுத்தான் யாரு எங்க போறாங்க, காய்ச்சல் எங்க பரவுதுன்னு மேப் போடறோம். உங்களுக்காகவே ஜெட்டியில மூணு தடவை புகை அடிச்சாச்சு."

"டீக் ஹை. இங்க டயரு கெடக்கு, வந்து பாரும்மா."

"டெங்குக் கொசு பகல்லதான் கடிக்கும். பகல்ல நீங்க வீட்லயே இல்லையே?"

பாய் குரலைத் தாழ்த்தினார். "வீட்லதான்மா இருந்தேன்."

"சும்மா இருங்க பாய்." சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

மனைவி ஷரீபா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "பேரப்புள்ள பொறந்தாலும் சாத்தத்துல பொறந்ததாத்தான் போடுவீங்க."

அப்போது ஜஸீலாவின் கையில் ஒரு வரிக்கால் கொசு உட்கார்ந்தது. பாய் அடித்தார். பிறகு பின்ஜன்னல் வழியே டயர்களைப் படமெடுத்து, 'மின்னி பே. எனக்குக் காய்ச்சல் வந்தது இங்கேதான். பல மாதமாக வீட்டை விட்டு நகரவில்லை' என்று போட்டார்.

'மச்சானுக்குத் தமாஷும் வரும்' என்று எழுதினார்கள் சொந்தங்கள்.

மறுநாளே குழு வந்தது. பூட்டை உடைத்து, டயர்களை அள்ளி, புகை அடித்தார்கள். மேப்புக்கு வாக்கியம் புரியாது; இடத்தின் பெயரும் 'காய்ச்சல்' என்ற சொல்லும் போதும். சாத்தத்திலிருந்து மின்னி பேக்கு ஒரு சிவப்புக் கோடு ஓடியிருந்தது. சங்கவி அதைத் தெருவுக்கே காட்டினாள். "இந்த ஏரியாவுல முதல் கேஸ். பாய் ஜெட்டியிலேருந்து கொண்டு வந்திருக்கார்."

பாய் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்க்கும் எதிர்வீட்டு ரெங்கம்மா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "வயசான காலத்துல ஊரு சுத்தாம வீட்ல கெடந்தா என்ன பாய்?"

பாய் கைலியை இறுக்கிக் கட்டினார்.

"நமக்கு வேலை அப்படி ரெங்கம்மா. என்ன செய்ய?"