அப்பா மிதித்தால் மட்டும்

எங்கள் அப்பா மைசூரில் தபால்காரர். மண்டி மொஹல்லாச் சந்துகளில் நாள் முழுக்க சைக்கிள் மிதிப்பதுதான் உத்தியோகம். மிதிக்க முடியாதவரை வைத்துக்கொண்டு தபால் ஆபீஸில் என்ன செய்வார்கள்? தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு எட்டு வயதான ஒரு மழைக்காலத்தில், பெடல் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் அந்த சைக்கிள் ‘டக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். லேத் பட்டறைக்காரர், இரும்பு பேசினால் தனக்குப் புரியும் என்று நம்புகிறவர். மிதிக்காமல் உருட்டினால் சத்தமில்லை, ஆகவே சக்கரத்தின் மேல் குற்றமில்லை, பெடலைத் தாங்கும் கிராங்க்தான் என்று தீர்ப்புச் சொன்னார். இடது கிராங்கை அச்சோடு பிடித்திருந்த பின்னைத் தட்டிக் கழற்றி, புதிதாக ஒன்றை அடித்தார். ஓட்டிப் பார்த்தார். சத்தமில்லை. நானும் பாவாடையைச் சொருகிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தேன். சத்தமில்லை. அப்பா ஏறினார். டக், டக்.

சித்தப்பா பெடலை மாற்றினார், கிரீஸ் வைத்தார். எங்களிடம் ஊமையாக இருந்த சைக்கிள் அப்பாவிடம் மட்டும் வாய் திறந்தது. எனக்கு ஒரே சிரிப்பு.

“அண்ணா, இன்னொரு தடவ போயிட்டு வா.”

இந்த முறை சித்தப்பா சைக்கிளைப் பார்க்கவில்லை, அப்பாவின் கால்களைப் பார்த்தார். பிறகு தானே ஏறி, வலது காலைப் பெடலில் சும்மா வைத்துக்கொண்டு, இடது காலால் மட்டும் அழுத்தி மிதித்தார். டக், டக். இறங்கும்போது அவர் முகமே செத்துப்போயிருந்தது.

“நிஜமா சொல்லு அண்ணா. வலது கால்ல பலமே இல்ல, தானே?”

அப்பா தரையைப் பார்த்தார். “ஆபீஸ்ல தெரிஞ்சா வேல போயிடும்டா. உங்க அண்ணிகிட்ட பின்னு தேஞ்சிருந்துதுன்னு சொல்லிடு.”

சாப்பிட உட்கார்ந்தபோது சித்தப்பா அம்மாவிடம் அப்படியே சொன்னார். ஒரு பகல் முழுக்கத் தேடிக் கண்டுபிடித்தது இப்படிப் பாழாவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

“இல்லம்மா, சைக்கிள்ல ஒண்ணும் இல்ல. ஒரே கால்ல மிதிச்சாதான் சத்தம் வருது. அப்பா அப்படித்தான் மிதிக்கறாரு.”

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவருடைய வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை நேரம் எல்லோரும் தேடியதை அம்மாவிடம் சரியாகச் சொன்னவள் நான். ஒருவர்கூட எனக்கு சபாஷ் சொல்லவில்லை.